தானே படித்துப் பார்த்தார்

நீதிமன்றத்துக்குப் பின்னால் போகிற தெருவில் "நோட்டரி எங்கே?" என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையில் கை காட்டுவார்கள். "கதவம்மா எங்கே?" என்று கேட்டால் எல்லாக் கையும் ஒரே பக்கம் நீளும். ஜெராக்ஸ் கடை மாடி, ஏறியதும் இடது பக்க அறை.

பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. வயதானவர் யாராவது கையெழுத்துப் போட வந்தால், கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவாள். மகனானாலும் சரி, மருமகனானாலும் சரி, கைத்தாங்கலாகக் கூட்டிவந்த பக்கத்து வீட்டுக்காரனானாலும் சரி, வெளியே பெஞ்சுதான். "அப்பாவை விட்டுட்டு ஒரு நிமிஷம்கூட இருக்க மாட்டேன் மேடம்" என்று ஒரு மகன் உருகினான். "பாசம் கதவுக்கு வெளிய நின்னாலும் பாசந்தான் தம்பி, கரைஞ்சு போயிடாது, போய் உக்காருங்க" என்றாள். உள்ளே பெரியவர் உண்மையைச் சொல்லி முடித்தபோது பெஞ்சில் ஆளே இல்லை. ஒரு நிமிஷம்கூட அப்பாவைப் பிரியாதவன், அப்பாவை அங்கேயே மறந்துவிட்டுப் போயிருந்தான். பெரியவரை வண்டி பிடித்து அனுப்பும் செலவு கதவம்மா தலையில் விடிந்தது.

உள்ளே அவளுக்கென்று ஒரு முறை உண்டு. எடுத்த எடுப்பில் பத்திரத்தைப் பற்றிப் பேச மாட்டாள். தண்ணீர் கொடுப்பாள். மூட்டு வலியை விசாரிப்பாள். பிறகு, "வர்ற வழியில உங்ககிட்ட என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க?" என்பாள். பாதிப் பொய் அந்தக் கேள்வியிலேயே உடைந்துவிடும். மீதிப் பாதிக்கு இரண்டாவது சோதனை. பத்திரத்தை வேண்டுமென்றே தலைகீழாக நீட்டுவாள். கண் தெரிகிறவர் திருப்பிப் பிடிப்பார். தெரியாதவர், தெரிகிற மாதிரி இருக்கச் சொல்லிக் கொடுக்கப்பட்டவர், அப்படியே வைத்துக்கொண்டு தலையாட்டுவார். தலையாட்டினால் போதும், அவளுடைய முத்திரை பைக்குள் போய்விடும்.

ஒருமுறை, "பெரியப்பாவுக்குக் காது சுத்தமா கேக்காது, நான்தான் பக்கத்துல இருந்து சொல்லணும்" என்று அடம்பிடித்தான் ஒரு தம்பி மகன். அவனை வெளியேற்றிக் கதவைச் சாத்தியதும் பெரியப்பா மெதுவாகச் சொன்னார்: "எனக்கு எல்லாம் கேக்கும்மா. அந்த வீட்டுல பேசறதையெல்லாம் காதுல வாங்கக் கூடாதுன்னுதான் கேக்காத மாதிரி இருக்கேன்."

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவளை ஏதோ கருணைக் கடல் என்று நினைத்துவிட வேண்டாம். பல பேர் நினைத்தார்கள், வாழ்த்தினார்கள், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளை அந்த மாடியில் உட்கார வைத்தது கருணை இல்லை. வஞ்சம். இருபத்து நாலு வருஷத்து வஞ்சம், ஒரு நாள்கூடத் தண்ணீர் ஊற்ற மறக்காமல் வளர்த்தது.

அவளுடைய அப்பா அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். முப்பத்து நாலு வருஷம் அதே நாற்காலி, அதே சிவப்புப் பேனா. பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் குப்பையில் போடுவார். பேனா கையில் இருந்தால் திருத்திவிட்டுப் போடுவார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டவர். படிக்காமல் ஒன்றில் கையெழுத்துப் போடுவது அவருக்குச் சட்டை இல்லாமல் தெருவில் நடப்பதைப் போல.

அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்து மூன்றாம் நாள். அந்தக் கண்ணில் கட்டு. இடது கண்ணிலும் புரை முற்றிப்போய், இன்னும் எடுக்காமல் பால் படர்ந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு அவளுடைய அண்ணன் வந்தான். "ஆஸ்பத்திரி காகிதம்பா. இன்சூரன்ஸ்காரன் கேக்கறான். ஒரு கையெழுத்து" என்று சொல்லி அப்பாவைக் கைபிடித்துக் கூட்டிப்போனான். போன இடம் மின்னல் நோட்டரியின் அறை.

மின்னல் என்று அவருக்கு ஊரே வைத்த பெயர். ஒரு பத்திரத்துக்கு அரை நிமிஷம். நிமிர்ந்து பார்க்கவே மாட்டார், நீட்டிய காகிதமும் நீட்டிய கையும்தான் அவருக்குத் தெரியும். "இன்னார் இதைப் படித்துப் பார்த்தார்" என்று ஒவ்வொரு முறையும் எழுதினால் நேரமாகிறது என்று அதற்கும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருந்தார். "தானே படித்துப் பார்த்துப் புரிந்துகொண்டார்." எழுத்துத் தெரியாதவர் வந்தாலும் அதே குத்துத்தான். கண்ணில் கட்டோடு வந்தவருக்கும் அதே குத்துத்தான்.

அப்பா கையெழுத்துப் போட்டது வீட்டை விற்க அண்ணனுக்கு முழு அதிகாரம் கொடுக்கிற பவர் பத்திரம். பதினோரு மாதம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் கையில் டேப்போடு வந்து கூடத்தை அளக்க ஆரம்பித்தபோதுதான் அது வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. வீட்டில் இருந்தவர் என்றால் அப்பா மட்டும்தான். "யாருங்க நீங்க?" என்று கேட்ட அப்பாவிடம் வந்தவர், "நீங்க எப்ப காலி பண்றீங்க?" என்று கேட்டார்.

அப்பா மகளுடைய இரண்டு அறை வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மகள் அப்போது ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அண்ணன்மேல் வழக்குப் போட்டாள். வழக்கில் மின்னல் நோட்டரியைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அவர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்லா ஞாபகம் இருக்குங்க. ஒரு கண்ணுல கட்டு இருந்துச்சு. இன்னொரு கண்ணுக்குக் கிட்ட வச்சு வரிவரியாப் படிச்சார்" என்றார். அண்ணனுடைய வக்கீல் அதற்கு மேல் ஒரு போடு போட்டான். "பஸ் டிக்கெட்டையே விடாமப் படிக்கிறவர், வீட்டுப் பத்திரத்தைப் படிக்காமலா கையெழுத்துப் போட்டிருப்பார்?" கோர்ட்டில் சிரித்தார்கள். அப்பாவும் அங்கே உட்கார்ந்திருந்தார். வழக்குத் தோற்றது.

இடது கண்ணும் சரியான பிறகு அப்பா செய்த முதல் வேலை, அந்தப் பவர் பத்திரத்தின் நகலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் திருத்தியதுதான். அவர் பிறந்த வருஷம் தப்பு. கதவு எண் தப்பு. மொத்தம் பதினாலு தப்பு. "நான் படிச்சிருந்தா இத்தனை தப்போட விட்டிருப்பேனாம்மா?" என்று கேட்டார். அதைக் கோர்ட்டில் கேட்க ஆளில்லை. மூன்று வருஷம், வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அந்தத் தாளைக் காட்டினார். பிறகு போய்ச் சேர்ந்தார். தலையணையைத் தூக்கியபோது அடியில் அந்தத் தாள்தான் இருந்தது. அழுகை வரும் என்று மகள் காத்திருந்தாள். வந்தது வேறு ஒன்று, அது பிறகு போகவே இல்லை.

முப்பத்தாறு வயதில் மாலைக் கல்லூரியில் சட்டம் படிக்கப் போனாள். வகுப்பில் அவளை ஆசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். நாற்பத்திரண்டு வயதில் நோட்டரி ஆனாள். அதற்கு நாலு வருஷம் கழித்து மின்னல் நோட்டரி ஓய்வு பெற்று, அறையைக் காலி செய்து, சாமான்களை விற்றபோது, பழைய சாமான்காரனிடம் பேரம் பேசாமல் அவருடைய மேஜையை வாங்கினாள். பக்கத்துக் கடைக்காரர், "இந்த உளுத்த மேஜைக்கா இவ்வளவு?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்பா கைவைத்துக் கையெழுத்துப் போட்ட மேஜை என்று அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

இழுப்பறையைத் திறந்தாள். துருப்பிடித்த ஊசிகளுக்கு நடுவில் அந்த ரப்பர் ஸ்டாம்ப் கிடந்தது. அன்றைக்கு அவள் வெகுநேரம் சிரித்தாள். என்றைக்காவது ஒரு நாள் அந்த மனுஷன் இந்த மேஜைக்கு எதிர்ப்பக்கம் வந்து உட்காராமலா போவான்? அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வம் நின்றுகொண்டே இருந்ததில் கதவம்மாவுக்குத்தான் கால் கடுத்தது. பத்து வருஷம் ஸ்டாம்புக்கு மை காயாமல் பார்த்துக்கொண்டாள்.

அவர் வந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. நாற்பத்தைந்து வயது மகன் ஒருவன் கிழவரின் முழங்கையைப் பிடித்து நாற்காலியில் இறக்கினான். சட்டை மடிப்புக் கலையாத ஆள், கையில் இரண்டு போன். "வாங்கறவரோட வக்கீல் உங்க முத்திரைதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறார் மேடம். கதவம்மா முத்திரைன்னா எந்தக் கோர்ட்லயும் நிக்குமாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிப் பத்திரத்தை நீட்டினான். பவர் பத்திரம். கிழவரின் வீட்டை விற்க மகனுக்கு முழு அதிகாரம். கிழவரின் பெயரை அவள் இரண்டு முறை படித்தாள். மின்னல் நோட்டரியேதான்.

மகன் பெருமையாகச் சொன்னான்: "அப்பாவே இந்த வேலையில இருந்தவர் மேடம். எல்லாம் அத்துபடி. ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடலாம்."

"அரை நிமிஷம் போதும்" என்றாள்.

மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த ஆபீஸ் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். பதினாலு வருஷத்தில் கதவம்மா கதவைச் சாத்த எழுந்திருக்காத நாள் அதுதான் முதல். கதவு விரியத் திறந்து கிடந்தது. மகன் அப்பா பக்கத்திலேயே நின்றான். கதவம்மா இழுப்பறையைத் திறந்து அந்தப் பழைய ஸ்டாம்பை எடுத்தாள். மைப்பெட்டியில் ஒரு அழுத்து அழுத்தினாள். அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. இவர் எல்லாருக்கும் செய்ததை இவருக்குச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். நிமிர்ந்து பார்க்காமல் ஒரு குத்து. நாளைக்கு டேப்போடு ஒருவன் இவர் கூடத்தை அளக்க வருவான். "யாருங்க நீங்க?" என்று இவர் கேட்பார். நினைக்கவே இனித்தது. அந்த இனிப்பை அவள் மறைக்கவும் இல்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை.

கிழவர் அந்த நேரம் பார்த்துத் தலையைச் சாய்த்து, "இது என்ன காகிதம்டா?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரி காகிதம்பா" என்று அவர் காதோரம் குனிந்து சொன்னான் மகன். "இன்சூரன்ஸ்காரன் கேக்கறான்."

கதவம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. அதே சொல். ஒரு எழுத்து மாறாமல் அண்ணனுடைய அதே சொல், அதே கரிசனம் தடவிய குரல். இருபத்து நாலு வருஷம் இந்தக் கிழவரை வெறுத்தது உண்மைதான். ஆனால் இந்தக் குரலை அதற்கு ஒரு பிடி மேலாகவே வெறுத்திருந்தாள். கிழவரைப் பழிவாங்க வேண்டுமானால் இந்தக் குரலுக்கு வீட்டைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். ஒரு வஞ்சத்தை இன்னொரு வஞ்சம் முந்திக்கொண்டது.

ஸ்டாம்பைக் கீழே வைத்தாள். "தம்பி, வெளிய பெஞ்சு இருக்கு."

"மேடம், அரை நிமிஷம்னீங்களே?"

"எனக்கு அரை நிமிஷம். உங்களுக்கு எவ்வளவு ஆகும்னு சொல்ல முடியாது. எழுந்திருங்க." நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்து எழுந்திருங்க என்று சொன்னது கோபத்தில் அவளுக்குத் தெரியவில்லை. அவன் போனதும் தாழ்ப்பாள் விழுந்தது.

பத்திரத்தைத் தலைகீழாக நீட்டினாள். கிழவர் இரண்டு கையாலும் வாங்கினார். முகத்துக்கு நேராகப் பிடித்தார். மேலிருந்து கீழே தலையை நகர்த்தினார். அப்புறம் ஒரு திருப்தியான தலையாட்டல். "படிச்சிட்டேம்மா. எல்லாம் சரியா இருக்கு."

"தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க."

கிழவரின் கை தாழ்ந்தது. "கண்ணு போயி ரெண்டு வருஷமாச்சும்மா" என்றார். "சொன்னா முத்திரை போட மாட்டாங்க, வாயத் தொறக்காதேன்னான் பையன்."

அவள் பத்திரத்தை வாங்கி நேராகத் திருப்பி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிறுத்தி நிறுத்திப் படித்தாள். தெரு, கதவு எண், கிழக்கு எல்லை, மேற்கு எல்லை. கிழவரின் உதடு கூடவே அசைந்தது. அவர் வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் முத்திரை குத்திய வாசகங்களை, ஒருமுறையாவது முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான் என்று தோன்றியது.

"அது என் வீடும்மா" என்றார். "அத வித்துட்டா நான் எங்க போவேன்?"

"கையெழுத்துப் போடறீங்களா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க."

"வேண்டாம்."

பதிவேட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து மூடி வைத்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, தான் யார் என்று சொன்னாள். அப்பா யார், எந்த வருஷம், எந்தக் கண்ணில் கட்டு என்று எல்லாம் சொன்னாள். கிழவரின் முகம் வெறுமையாகவே இருந்தது.

"எத்தனையோ பேர் வந்தாங்கம்மா. எனக்கு ஞாபகமில்லையே."

"கோர்ட்ல இருந்துச்சே! நல்லா ஞாபகம் இருக்குன்னீங்களே! கிட்ட வச்சு வரிவரியாப் படிச்சார்னீங்களே!" அவள் போட்ட சத்தத்தில் டைப் அக்கா மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அவர் மறந்துவிட்டிருப்பார் என்று இந்த இருபத்து நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அவளுக்குத் தோன்றியதில்லை. தன்னைப் போலவே அவரும் அப்பாவைச் சுமந்துகொண்டிருப்பார் என்று நம்பியிருந்தாள். அவர் சுமக்கவே இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது.

ஸ்டாம்பை எடுத்து அவர் உள்ளங்கையில் அழுத்தி வைத்தாள். கிழவர் கட்டைவிரலால் ரப்பரைத் தடவினார். விரல் மையாயிற்று. ஒரு ஓரத்தில் பிய்ந்திருந்த இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது என்னோடது."

"ஆமா. இந்த மேஜையும்."

கிழவர் மேஜையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, இதே மேஜையில் ஸ்டாம்புக்கு மை தடவிய சத்தத்தைச் சற்று முன்னால் தான் கேட்டதற்கு என்ன அர்த்தம் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். "மன்னிச்சிடும்மா" என்றார்.

"மன்னிப்புக்கெல்லாம் என்கிட்ட முத்திரை கெடையாது. வேற எங்கயாவது பாருங்க."

"அன்னிக்குக் கோர்ட்ல சொன்னது பொய். உங்கண்ணன் வந்து சொல்லிக் கொடுத்தான். உங்கப்பாவை ஞாபகமில்ல, ஆனா பேச்சுச் சொல்லிக் கொடுத்தது ஞாபகமிருக்கு. நீ எழுதும்மா. இப்பவே எழுது, எங்க வேணா கையெழுத்துப் போடறேன்."

பேனாவை எடுத்துவிட்டாள். தாளை இழுத்துக்கொண்டு, "நான் கீழே கையொப்பமிடுவது" என்று இரண்டு வரி ஓட்டிவிட்டாள். இருபத்து நாலு வருஷம் காத்திருந்த காகிதம், கைக்கெட்டும் தூரத்தில். மூன்றாவது வரியில் பேனா நின்றது. அவள் தலையைத் தூக்கி அறையைப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்ட கதவு. கண் தெரியாத கிழவர். பயத்தில் நடுங்குகிறார். எதிரே, தனக்கு வேண்டிய காகிதத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கப் பேனாவோடு ஒருத்தி. இதே மாதிரி ஒருத்தியை இந்த அறைக்கு வெளியே எத்தனை முறை அவள் நிறுத்தியிருப்பாள்?

தன்மேலேயே அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. தாளை நாலாகக் கிழித்தாள். "என்னைப் பாத்துப் பயந்து கொடுக்கற வாக்குமூலம் எனக்கு வேண்டாம்" என்றாள். "உங்களுக்கே சொல்லணும்னு இருந்தா, நான் இல்லாத இடத்துல சொல்லுங்க. யாரும் கேக்காத ஒரு நாள்ல சொல்லுங்க. சொல்லலைன்னாலும் உங்க வீடு உங்களுக்குத்தான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

கதவைத் திறந்தாள். மறுப்பைப் பதிவேட்டிலிருந்து உரக்கப் படித்தாள், பெஞ்சில் காத்திருந்த மற்ற மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி. "கையொப்பமிட வந்தவருக்குக் கண் பார்வை இல்லை. ஆஸ்பத்திரி காகிதம் என்று மகன் சொல்லி அழைத்து வந்திருக்கிறார். படித்துக் காட்டியபின் கையொப்பமிட விருப்பமில்லை என்றார்." மகனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"உங்க லைசென்ஸைப் புடுங்கறேனா இல்லையா பாருங்க" என்று குதித்தான்.

"தாராளமா. மனு எழுதத் தெரியலைன்னா கீழ ஜெராக்ஸ் கடையில எழுதித் தருவாங்க" என்று சொல்லிக்கொண்டே, அவன் முன்னாலேயே முதியோர் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டு, அவன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். கிழவரை அந்த அலுவலகத்து அம்மா வந்துதான் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அந்த வாரமே வீட்டுப் பத்திரம் மகன் கைக்கு எட்டாத இடத்துக்குப் போனது. மகன் இரண்டு போனையும் தூக்கிக்கொண்டு வேறு வேறு நோட்டரிகளிடம் அலைந்தான். அதற்குள் சேதி தெரு முழுக்கப் பரவியிருந்தது. பரப்பியது யார் என்று கேட்க வேண்டாம்.

இரண்டு மாதம் கிழவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கேட்டுவிட்டு வரலாமா என்று இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் படியோடு திரும்பினாள். கிழித்தது முட்டாள்தனமோ என்று தூங்கப் போகும்போதெல்லாம் தன்னைத் திட்டிக்கொண்டாள். ஒன்பதாவது வாரம் பின்தெரு நோட்டரியிடமிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே கிழவரின் வாக்குமூலம், சாட்சிகளோடு, முத்திரையோடு. ஓரத்தில் ஒரு துண்டுச் சீட்டு: "அவரே வந்தார். உங்க மாதிரியே கதவைச் சாத்திட்டுத்தான் கேட்டேன்."

அந்தக் காகிதத்தால் கோர்ட்டில் இனி ஒரு செங்கலையும் நகர்த்த முடியாது என்று அவளுக்குத் தெரியும். காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது. வீடு இரண்டு கை மாறிவிட்டது. அதனாலென்ன? கோர்ட் ஒன்றுதானா இடம்?

அண்ணன் இப்போது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கத் தலைவர். மாதத்தில் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு அவன் வீட்டுக் கூடத்தில்தான் கூட்டம். சுவரில் ஆளுயரத்துக்கு அப்பாவின் படம். வருகிறவர்களிடம், "எங்கப்பா மனசார எனக்கே கொடுத்துட்டுப் போனார்" என்று அதைக் காட்டிச் சொல்வானாம். அந்த ஞாயிறு பத்தேகாலுக்குக் கதவம்மா போய் மணியடித்தாள். அண்ணி கதவைத் திறந்துவிட்டு ஒரு ஓரமாக ஒதுங்கினாள். உள்ளே பதினைந்து பேர் தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, நோட்டரி ஆபீசுக்கு ஒரு காகிதம் வந்திருக்கு" என்றாள். "உனக்கும் சேர்த்துத்தான். படிச்சுப் பாத்துக்கோ."

பழக்க தோஷம், நகலைத் தலைகீழாகத்தான் நீட்டினாள். அண்ணன் வாங்கியதும் திருப்பிப் பிடித்தான். கண் நன்றாகத் தெரிகிறது. சங்க விஷயம் என்று நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி மளமளவென்று படிக்க ஆரம்பித்தான்: "நான் முன்னாள் நோட்டரி. சுயநினைவோடும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும் சொல்வது. இருபத்து நாலு வருஷத்துக்கு முன் நீதிமன்றத்தில் நான் சொன்ன சாட்சி பொய். கண்ணில் கட்டோடு வந்த பெரியவர் பவர் பத்திரத்தைப் படிக்கவில்லை. யாரும் படித்துக் காட்டவும் இல்லை. படித்தார் என்று சொல்லும்படி எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவருடைய…"

குரல் நின்றது.

கீழ்த்தளத்து ஓய்வு பெற்ற வாத்தியார் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "யாருன்னு போட்டிருக்கு? மேல படிங்க தலைவரே" என்றார்.

"எழுத்துப் பொடியா இருக்கு. கண்ணாடி உள்ள இருக்கு" என்றான் அண்ணன்.

கதவம்மா தன் கண்ணாடியைக் கழற்றி அவன் மூக்கில் மாட்டிவிட்டாள். சின்ன வயதில் அவன் அவளுக்குச் செருப்பு மாட்டிவிட்டிருக்கிறான், அந்த ஞாபகமும் அந்த நேரம் வந்து தொலைத்தது. "அப்பா பதினாலு தப்புக் கண்டுபிடிச்சார். இதுல ஒண்ணும் கெடையாது, நான் ரெண்டு தடவை பாத்துட்டேன். படி."

அண்ணன் படித்தான். வாய் மட்டும் அசைந்தது. ஆனால் கூடத்தில் இருந்த எல்லாரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி பின்னால் வந்து தோளுக்கு மேலாகத் தானும் படித்தாள். கடைசி வரிவரை படித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதவம்மா கண்ணாடியையும் தாளையும் வாங்கிக்கொண்டாள். கைப்பையிலிருந்து மைப்பெட்டியையும் அந்தப் பழைய ஸ்டாம்பையும் எடுத்தாள். தேநீர்க் கோப்பைகளை ஓரமாக நகர்த்தி, தாளை விரித்து, அண்ணன் பெயருக்கு நேரே வைத்து அழுத்தினாள். தானே படித்துப் பார்த்துப் புரிந்துகொண்டார். அந்த ஸ்டாம்பு பிறந்ததிலிருந்து உண்மை பேசியது அன்றைக்குத்தான்.

மை காயும்வரை ஊதி, தாளை அவன் கையில் கொடுத்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்து அப்பாவின் படத்தைக் கழற்றினாள். யாரும் தடுக்கவில்லை. வாத்தியார் எழுந்து வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார், இரண்டு பேருமாகப் படியிறங்கினார்கள்.